மாத்திரை எண்ணும் நாள்

கிழக்கு கென்டக்கியில், நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த மலைப்பகுதியில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் கிடைக்காத ஊரில் 3 வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற விசா நிபந்தனைதான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. நம் ஊரில் நான் படித்தபோது புற்றுநோயாளிக்கே மார்ஃபின் கிடைப்பது குதிரைக்கொம்பு. இங்கே முதல் வாரமே முதுகுவலிக்கு ஆக்ஸிகோடோன் (மார்ஃபின் வகையைச் சேர்ந்த, அடிமையாக்கிவிடக்கூடிய வலி மாத்திரை) எழுதித் தரச்சொல்லி ஏழெட்டுப் பேர்.

அதில் ஒருவர் பழைய சுரங்கத் தொழிலாளி. கூரை சரிந்து முதுகெலும்பு நொறுங்கி 2 ஆபரேஷன். கரித்தூளோடு ஆறிய காயங்கள் கையெல்லாம் நீலத் தழும்பாகக் கிடக்கும். 20 மில்லிகிராம், நாலு வேளை. நாளுக்கு 80. மார்ஃபினைவிட ஒன்றரை மடங்கு வீரியம் என்பதால், ஒன்றரையால் பெருக்கினால் 120 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம். 2016-ல் வந்த சி.டி.சி. (அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம்) வழிகாட்டுதல் இந்தக் கணக்கு 90-ஐத் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. யோசனைதான், சட்டமில்லை. எங்கள் நிர்வாகம் அதைச் சட்டமாகவே பிடித்துக்கொண்டது, நானும் தலையாட்டினேன். ஆறே வாரத்தில் அவரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, 'குறைப்பு வெற்றி' என்று குறிப்பும் எழுதினேன்.

சந்தேகப்படக் காரணம் இல்லாமல் இல்லை. அதே மாதம் ஒரு பாட்டியின் டப்பாவில் பாதியைக் காணோம். பேரன் எடுத்து விற்றிருந்தான். அதனால் எல்லோரையும் திடீரென்று போன் போட்டு வரவழைத்து மாத்திரையை எண்ணுவோம்.

அந்தச் சுரங்கத் தொழிலாளி 40 மைல் ஓட்டி வந்தார். நர்ஸ் தட்டில் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினார். 2 அதிகம். படிவத்தில் 'குறைவு' என்று எழுதத்தான் இடம், கூடுதலுக்கு இல்லை!

“நீங்க கூப்பிட்டா வண்டியில அவ்வளவு நேரம் உட்காரணுமே டாக்டர், அதுக்குத்தான் வலியைப் பொறுத்துக்கிட்டு எடுத்து வெச்சேன். அப்புறம் எண்ணிக்கை தப்பாயிடுமோன்னு பயந்து போடலை” என்றார். சாய்வு நாற்காலியிலேயே தூங்குகிறார், தக்காளித் தோட்டத்துப் பக்கமே போவதில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

டோஸைக் கொஞ்சம் ஏற்றினேன். டோஸ் மிஞ்சி மூச்சு அடங்கினால் மீட்கும் நலாக்ஸோன் ஸ்ப்ரேயை வீட்டில் வைத்துக்கொள்ளக் கொடுத்து, அதை மூக்கில் எப்படி அடிப்பது என்று அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தேன். வேகமாகக் குறைத்தால் தற்கொலை வரை போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது 2019-ல்தான். ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாதம் 10 சதவீதம், அல்லது அதைவிட மெதுவாகக் குறைக்கலாம் என்று சி.டி.சி. எழுத 2022 ஆனது.

அடுத்த குறைப்பை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவரையே கேட்டேன். “தக்காளி முடியட்டும்” என்றார். சரி, அக்டோபர் என்று எழுதிக்கொண்டேன்.