மேற்கு விளிம்பு எங்கே? வடகிழக்கு அமெரிக்கப் பனிப்புயல் நாட்குறிப்பு, ஜனவரி 2015

24 ஜனவரி, சனி

கனடாவின் ஆல்பர்ட்டா பக்கமிருந்து ஒரு சிறு காற்றழுத்தத் தாழ்வு ஒஹாயோ பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. அது மட்டும் என்றால் ஓரிரு அங்குலப் பனியோடு போய்விடும். ஆனால் அது அப்பலாச்சியன் மலைகளைத் தாண்டும்போது கடலோரத்துக்கு அப்பால் புதிய தாழ்வு ஒன்று உருவாகி, பழையதன் வலுவை வாங்கிக்கொள்ளும். கவலை அந்த இரண்டாவதைப் பற்றித்தான். ஒருபுறம் வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பான நீர், மறுபுறம் உறைந்த நிலம். இந்த வேறுபாடே அதற்குத் தீனி. 40 டிகிரி அட்சரேகையில், 24 மணி நேரத்தில் மைய அழுத்தம் 18 மில்லிபார் சரிந்தாலே அதை 'வெடிப்பு' (அதிவேகமாக வலுப்பது) வகையில் சேர்ப்பார்கள். கணினி முன்கணிப்பு மாடல்கள் அந்த வரம்பைத் தாண்டுகின்றன.

பாஸ்டன்காரர்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளலாம்: 40 வடக்கு, 70 மேற்கு. தாழ்வின் மையம் அதை ஒட்டிப் போனால் அவர்களுக்குக் கனத்த பனி. அதற்குள்ளே வந்தால் கரையோரத்தில் பனி மழையாக மாறலாம்; வெகுதூரம் விலகினால் எல்லாம் கடலுக்கே. நியூயார்க்குக்கு இந்தப் புள்ளி போதாது, மையம் இன்னும் கொஞ்சம் மேற்கே வர வேண்டும். இந்தப் புயலின் சிக்கல் முழுவதும் அந்தக் 'கொஞ்சத்தில்' இருக்கிறது.

25 ஜனவரி, ஞாயிறு

தேசிய வானிலை சேவை நியூயார்க்குக்குப் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்துவிட்டது. எதிர்பார்ப்பு 20 முதல் 30 அங்குலம். பனிப்புயல் என்று சொல்ல எவ்வளவு பனி விழுகிறது என்பது கணக்கில்லை. மணிக்கு 35 மைல் காற்றோ அடிக்கடி அந்த வேகத்தில் வீச்சோ இருக்க வேண்டும். பார்வைத் தூரம் கால் மைலுக்கும் (சுமார் 400 மீட்டர்) குறைய வேண்டும். இரண்டும் மூன்று மணி நேரமாவது நீடிக்க வேண்டும். புதுப்பனி விழாமல், தரையில் கிடப்பதைக் காற்று வாரி இறைத்தாலும் அது பனிப்புயல்தான்.

மாடல்கள் இன்று ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய மாடல் கனத்த பனியை நியூயார்க் நகரத்துக்கு மேலேயே போடுகிறது. அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ் அதைக் கிழக்கே தள்ளுகிறது. 2012இல் சாண்டி புயலை ஐரோப்பிய மாடல் முன்கூட்டியே பிடித்ததிலிருந்து, இரண்டும் முரண்பட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஐரோப்பாவை நம்பும் பழக்கம் வந்துவிட்டது. ஜிஎஃப்எஸ் இந்த 14ஆம் தேதிதான் 13 கிலோமீட்டர் கட்டத்துக்கு மேம்படுத்தப்பட்டது, ஐரோப்பிய மாடலின் 16 கிலோமீட்டரைவிட நுணுக்கமானது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய ஜிஎஃப்எஸ்ஸின் கெட்ட பெயரைப் புதியதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

26 ஜனவரி, திங்கள்

காலை. ஒற்றை எண்ணைக் கேட்பவர்களுக்கு: பாஸ்டனுக்கும் லாங் ஐலண்டின் கிழக்குக்கும் 20 அங்குலத்துக்கு மேல் என்று துணிந்து சொல்லலாம். நியூயார்க் நகரத்துக்கும் நியூஜெர்சியின் எடிசன் பக்கத்துக்கும் அப்படி எண் போடவே கூடாது. ஒரே மாடலைத் தொடக்க நிலையைச் சற்றே மாற்றிப் பலமுறை ஓட்டுவது குழு ஓட்டம், ஒவ்வொரு ஓட்டமும் ஓர் உறுப்பினர்: ஐரோப்பியக் குழு ஓட்டத்தில் 51 உறுப்பினர்கள், ஜிஎஃப்எஸ் குழுவில் 21. இவற்றின் சராசரியைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பாதி உறுப்பினர்கள் 25 அங்குலமும் மீதி 8 அங்குலமும் சொன்னால், சராசரி 16.5 வரும். அந்தப் பதினாறரையை எந்த உறுப்பினரும் சொல்லியிருக்க மாட்டார். பரவலைப் பாருங்கள்.

இவ்வளவு கூரான விளிம்பு எதனால்? தாழ்வின் வடமேற்கில் கனத்த பனிப்பட்டைகள் உருவாகும். அவற்றுக்குள் காற்று வேகமாக மேலேறும்; மணிக்கு 2 முதல் 4 அங்குலம் வரை கொட்டும். மேலேறிய காற்று எங்காவது இறங்கியாக வேண்டும், அது பட்டைக்கு வெளியே, மேற்கே இறங்குகிறது. இறங்கும் காற்று வறண்டு, அங்கே விழும் பனியையும் விழுங்கிவிடும். ஆகவே கனத்த பனிக்கு அடுத்த பகுதிக்கு நடுத்தரப் பனிகூடக் கிடைக்காமல் போகலாம்.

நீரளவைப் பனியளவாக மாற்றும்போதும் பிழை நுழையும். ஒரு அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்பது பொதுக் கணக்கு. பனித்துகள் வளரும் மேகப் பகுதி −12 முதல் −18 செல்சியஸில் இருந்து, அங்கே காற்று வலுவாக மேலேறினால் ஒன்றுக்குப் பதினைந்துகூட வரும். பலத்த காற்று துகள்களை உடைத்தால் மறுபடி குறையும்.

மாலை. நியூயார்க் மேயர் டி பிளாசியோ, நகர வரலாற்றிலேயே பெரிய புயலாகலாம் என்று எச்சரித்திருக்கிறார். நகரின் சென்ட்ரல் பார்க்கில் 2015இல் இருந்த சாதனை 2006 பிப்ரவரியின் 26.9 அங்குலம். இரவு 11 மணிக்குச் சுரங்க ரயிலை நிறுத்துகிறார்கள். பனிக்காக மொத்தச் சேவையையும் நிறுத்துவது இதுவே முதல்முறை.

வீட்டில் இருப்பவர்களுக்கு: ஃபர்னஸின் (வீட்டைச் சூடாக்கும் உலை) புகைக்குழாய் சுவரோரமாகத் தாழ்வாக வெளியே வந்தால், புயல் நடுவிலும் போய்ப் பனியை ஒதுக்குங்கள். அது அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். ஜெனரேட்டரைக் கதவு, ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். கராஜுக்குள் கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. பனியில் புதைந்த காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் சைலன்சர் வாயைத் தோண்டி எடுங்கள்.

27 ஜனவரி, செவ்வாய்

கனத்த பனிப்பட்டை லாங் ஐலண்டின் கிழக்குப் பாதியில் நின்றுவிட்டது. சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம், ஐஸ்லிப் விமான நிலையத்தில் 24.9. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 45 மைல்தான். நகரத்தில் பயணத் தடை காலையிலேயே விலக்கப்பட்டு ரயில்களும் ஓடத் தொடங்கிவிட்டன; ஐஸ்லிப்பில் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பிலடெல்பியா பகுதிக்கு முன்கணிப்பு தரும் மவுன்ட் ஹோலி அலுவலகத்தின் கேரி சட்கோவ்ஸ்கி, நள்ளிரவு தாண்டியபோதே ட்விட்டரில் பகிரங்கமாக மன்னிப்பு கேட்டார். இன்று எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். மொத்தப் புயலையும் 'பொய்த்துப்போன கணிப்பு' என்று எழுதுவது சரியில்லை. மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5 அங்குலம், அந்த நகரின் எல்லாக் காலச் சாதனை. பாஸ்டனில் 24.6. கணிப்பு அங்கே பிசகவில்லை. பிசகியது மேற்கு விளிம்பு, அந்த விளிம்பில்தான் எண்பது லட்சம் பேர் வசிக்கிறார்கள்.

28 ஜனவரி, புதன்

கரையோரச் சேதம் பனியைவிடப் பெரிது. வடகிழக்குக் காற்று மணிக்கணக்காகக் கடலைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோதே, செவ்வாய் விடியற்காலை உயர் ஓதமும் சேர்ந்தது. மாசசூசெட்ஸின் மார்ஷ்ஃபீல்டில் கடல் தடுப்புச் சுவர் உடைந்தது. நான்டக்கெட்டில் காற்று வீச்சு மணிக்கு 78 மைல். தீவு முழுவதும் மின்சாரம் போனது. பிளிமத்தின் பில்கிரிம் அணுமின் நிலையம், 345 கிலோவோல்ட் வெளிக்கம்பிகள் துண்டிக்கப்பட்டதால் தானாக நின்றது. ஓத நேரத்தையும் காற்றுத் திசையையும் சேர்த்துப் பார்க்காத முன்கணிப்பு, கடலோர ஊர்களுக்கு அரைகுறைதான்.

பனி அளவு அனுப்புகிறவர்களுக்கு: வெள்ளை பெயின்ட் அடித்த பலகை வேண்டும், 16க்கு 24 அங்குலம் போதும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, துடைத்து, மறுபடி வையுங்கள். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் துடைத்தால் மொத்தம் பொய்யாக உயரும், பனி தன் எடையால் அமுங்குவதற்கு நேரமே இருக்காது. காற்றடித்த இடத்தில் பல புள்ளிகளில் அளந்து சராசரி எடுங்கள்.

கூரை எடையை ஆழத்தால் கணிக்காதீர்கள். நேர் பக்கங்கள் கொண்ட ஒரு டப்பாவைப் பனிக்குள் அடிவரை இறக்கி, உள்ளே வந்ததை உருக்கி, நீரின் உயரத்தை அளவுகோலால் பாருங்கள். ஒரு அங்குல நீர் என்றால் சதுர அடிக்கு 5.2 பவுண்டு. அடுத்து மழை பெய்தால் பனி அந்த நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் தட்டைக் கூரைக்காரர்கள் இப்போதே அளந்துவிடுவது நல்லது.

பிப்ரவரி 1, 2 வாக்கில் இன்னொரு தாழ்வு மாடல்களில் தெரிகிறது. குளிர் விடவில்லை, கிடக்கும் பனி அதற்குள் கரையாது. வாரும்போது நடைபாதை ஓரத்தில் குவிக்காமல் முடிந்த அளவு உள்ளே தள்ளிப் போடுங்கள், அடுத்ததைப் போட இடம் வேண்டும். தீயணைப்புக் குழாயைச் சுற்றி மூன்றடி காலியாக இருக்கட்டும்.