குழந்தைகளுக்கு மூச்சுதான் முதலில் நிற்கும்

பெரியவர்களுக்கு சி.பி.ஆர். (மார்பை அழுத்தி, மூச்சு கொடுத்து உயிர்காக்கும் முதலுதவி) செய்து பழகிய கை, கேஷுவாலிட்டி மேசையில் ஒரு கைக்குழந்தையைக் கிடத்தியதும் நேராக மார்புக்குப் போகிறது. ஆம்பு பேக் (முகத்தில் மாஸ்க் பொருத்தி, பிழிந்து காற்று கொடுக்கும் பை) எங்கே என்று கண் தேடுவது அதற்குப் பிறகுதான். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயம் திடீரென்று நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் மிச்சமிருக்கும். குழந்தைகளுக்கு நிமோனியா, தண்ணீர் வாளி, தொண்டையில் சிக்கிய வேர்க்கடலை என்று மூச்சுதான் முதலில் போகிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோன ரத்தத்தை எவ்வளவு வேகமாகச் சுற்றவிட்டாலும் பலன் குறைவு.

கைக்குழந்தையின் கழுத்தில் நாடி பிடிப்பது கஷ்டம், அவ்வளவு மடிப்பு. மேல்கையின் உட்புறத்தில் பார்க்க வேண்டும், அதுவும் 10 விநாடிக்குள். பதற்றத்தில் தன் விரலின் துடிப்பையே குழந்தையின் நாடி என்று நம்பிவிடுகிறவர்கள் உண்டு. சரியாகக் காற்றும் ஆக்சிஜனும் கொடுத்த பிறகும் நாடி நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இருந்து, உடல் வெளுத்துக் கிடந்தால் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டியதுதான். "நாடிதான் இருக்கே, சிஸ்டர்" என்று புதியவர்கள் தயங்குவது இங்கேதான்.

கைக்குழந்தைக்கு இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே நெஞ்செலும்பில் இரு கட்டைவிரல்களால் அழுத்த வேண்டும். மார்புக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 4 செ.மீ.; பெரிய குழந்தைக்கு 5 செ.மீ. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. எலும்பு முறிந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் பாதி ஆழத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சுற்றிப் பிடித்த கை இறுகியே இருந்தால் மார்பு முழுதாக மேலெழாது, இதயமும் நிரம்பாது. இரண்டு விரல் நுனியால் அழுத்தும் பழைய முறையை 2025-இல் அமெரிக்க இதயச் சங்கம் கைவிட்டுவிட்டது. நல்லதுதான், அந்த விரல்கள் சீக்கிரம் சோர்ந்துவிடும். மார்பு கைக்குள் அடங்காவிட்டால் ஒரு கையின் அடிப்பாகம் போதும்.

அதிகம் சொதப்புவது காற்று கொடுக்கும்போது. கைக்குழந்தைக்குப் பின்மண்டை பெரிது. சமதளத்தில் கிடத்தினால் தலை முன்னால் மடிந்து மூச்சுப்பாதை அடைபடும். தோளுக்கடியில் ஒரு மடித்த துண்டு வைத்தால் முகம் நேராகக் கூரையைப் பார்க்கும். கழுத்தை அதிகமாகப் பின்னுக்கு வளைத்தாலும் அடைப்புதான். மாஸ்க் மூக்குத்தண்டிலிருந்து தாடைக் குழி வரை இருக்க வேண்டும்; கண்ணை அழுத்தினால் அது பெரிய சைஸ். விரல்கள் தாடை எலும்பைத்தான் தூக்க வேண்டும், அடியிலுள்ள மெல்லிய சதையை அழுத்தினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு அடைத்துக்கொள்ளும். மார்பு லேசாக எழும்வரை ஒரு விநாடி பிழிந்தால் போதும். முழுப் பையையும் பிழிந்தால் காற்று வயிற்றுக்குப் போய் உதரவிதானத்தை மேலே தள்ளும், வாந்தியும் வரும். மார்பு எழவில்லையா? தலையைச் சரிசெய்து, மாஸ்கை மறுபடி பொருத்தி, வாய்க்குள் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருளை மட்டும் எடுக்கலாம். குருட்டாம்போக்கில் விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

தனி ஆளாக இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இருவர் இருந்தால் 15-க்கு 2. அழுத்துபவர் வாய்விட்டு எண்ண வேண்டும். இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாறட்டும்.

இதயத்தை மீண்டும் துடிக்கவைக்கக் கொடுக்கும் மருந்தான அட்ரினலினில் பிழை நடந்தால் பத்து மடங்காக நடக்கும். நம் ஆம்பூல் 1 மி.லி.யில் 1 மி.கி.; அதோடு 9 மி.லி. சலைன் சேர்த்தால்தான் பத்தாயிரத்தில் ஒன்று என்ற செறிவு வரும். அதில் கிலோவுக்கு 0.1 மி.லி., 3 முதல் 5 நிமிடத்துக்கொருமுறை. கலந்த சிரிஞ்சில் உடனே லேபிள் ஒட்டிவிடுங்கள். எடை தெரியாவிட்டால், ஒரு வயதுக்கு மேல், வயதோடு 4-ஐக் கூட்டி இரண்டால் பெருக்கினால் தோராயமாக வரும்: மூன்று வயதுக்கு 14 கிலோ, 1.4 மி.லி. அதற்கு முன், வாசலில் நிற்கும் தாயிடம் ஒருவர் கேட்டுவிடலாம்: "கடைசியா ஊசி போட்டப்ப பாப்பா எவ்வளவு எடைன்னு சொன்னாங்கம்மா?"