நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை

நெஞ்சு வலிக்காரர்களின் சட்டைப்பையில் ஐசோசார்பைட் டைநைட்ரேட் 5 மி.கி. அட்டை இருக்கும். வலி வந்ததும் அதை எப்படிப் போடுவது என்பதில்தான் குழப்பம்.

முதலில் உட்காருங்கள். இந்த மாத்திரையிலிருந்து உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு உருவாகி, ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. தமனிகளைவிடச் சிரைகள்தான் அதிகம் விரியும். ரத்தம் அங்கேயே தங்குவதால் இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைந்து, அதன் வேலையும் குறையும். நின்றுகொண்டு போட்டால் இதே காரணத்தால் பிரஷர் இறங்கி, கண் இருட்டி விழுந்துவிடலாம்.

வாய் உலர்ந்திருந்தால் மாத்திரை கரையாமல் அப்படியே கிடக்கும். ஒரு வாய் தண்ணீரால் நனைத்துக்கொண்டு நாக்குக்கு அடியில் வையுங்கள். விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். பலன் தெரியவும் தாமதமாகும். தலை விண்விண்ணென்று வலித்தால் பயம் வேண்டாம், தலையின் ரத்தக்குழாய்களும் விரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் 5 நிமிடத்தில் நெஞ்சு வலி குறையாவிட்டால் உடனே 108. 'இன்னொன்று போட்டுப் பார்ப்போம்' என்று வீட்டிலேயே காத்திருப்பதுதான் ஆபத்து.

ஆண்மைக்குறைவுக்கான மாத்திரைகளான சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரமோ, டாடாலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரமோ ஆகாதவர்கள் இதைத் தொடவே கூடாது. ரத்தக்குழாயைத் தளர்த்துவது சிஜிஎம்பி என்ற பொருள்; நைட்ரிக் ஆக்சைடு கூட்டிவிடும் அதை அந்த மாத்திரைகள் சிதைய விடாது. பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விடும். கூச்சப்பட்டு மறைப்பவர்கள் நிறைய. ஆம்புலன்ஸில் வருபவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

நெஞ்சு வலி வராமலிருக்கப் போடும் தினசரி மாத்திரையில் வேறொரு தவறு நடக்கிறது. சாதாரண ஐசோசார்பைட் மோனோநைட்ரேட்டை இரண்டு வேளை எழுதிக் கொடுத்தால், காலை 8, இரவு 8 என்று பிரித்துக்கொள்கிறார்கள். ஆன்டிபயாடிக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. பொழுதன்றைக்கும் ரத்தத்தில் இருந்தால் உடல் பழகிப்போய் மருந்து கேட்காது. காலை 8, மதியம் 3 என்பதுதான் வழக்கமான கணக்கு. இரவு முழுக்க இடைவெளி கிடைக்கும்.

டைனமைட் ஆலைத் தொழிலாளிகளுக்கு இது அந்தக் காலத்திலேயே அனுபவம். டைனமைட்டில் இருப்பதும் இதே நைட்ரேட் வகையைச் சேர்ந்த நைட்ரோகிளிசரின்தான். அது பட்டுத் திங்கட்கிழமை மண்டை பிளக்கும், வாரக் கடைசிக்குள் பழகிவிடும், விடுமுறை கழிந்து வந்தால் மறுபடி வலி. நைட்ரோகிளிசரின் 1870களிலேயே மருந்தானது. அதன் பின்னால் இருப்பது நைட்ரிக் ஆக்சைடு என்று காட்டிய ஆராய்ச்சிக்கு 1998இல்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் கிடைத்தது.

இரவு இடைவெளியில் வலி வந்தால் மோனோநைட்ரேட்டை நீங்களாக இரவுக்கு மாற்றாதீர்கள். டாக்டரிடம் சொன்னால், அந்த நேரத்தைத் தாங்க இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் போல வேறு வகை மருந்தைச் சேர்க்க முடியுமா என்று பார்ப்பார்.