துடுப்புப் போடுகிறவர்களுக்கு என்ன வாங்கித் தருவது?

அக்கா ஆற்றில் கயாக் என்கிற குறுகலான துடுப்புப் படகை ஓட்டத் தொடங்கி 11 வருடம் ஆகிறது. எனக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் இறங்கவும் மாட்டேன். ஆனால் அவள் பிறந்தநாளுக்கு ஆறு சம்பந்தப்பட்ட ஏதாவது ஒன்றைத்தான் வாங்கிக் கொடுப்பேன். இதைத் தெரிந்துகொண்டு, "எங்க வீட்லயும் ஒருத்தருக்கு கயாக் பைத்தியம், என்ன வாங்கலாம்?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களிடம் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. இரண்டாம் வருடம் அவளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கினேன். அவளுடைய பழையது வெயிலில் வெளிறி, தோள்பட்டைத் தையல் பிரிந்திருந்தது. நல்லதாகத்தான் தேடினேன். 50 நியூட்டன் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். கிட்டத்தட்ட 5 கிலோவைத் தாங்கும் மிதப்பு அது. அளவை மட்டும், சட்டை எடுப்பதுபோல, கொஞ்சம் தொளதொளப்பாக இருந்தால் வசதி என்று ஒரு சைஸ் கூட எடுத்துவிட்டேன்.

அக்கா போட்டுப் பார்த்து "நல்லாருக்குடா" என்றாள். அடுத்த வாரமே ஆற்றுக்கும் போட்டுக்கொண்டு போனாள். பெரிய வேகமில்லாத ஒரு வளைவில் படகு கவிழ்ந்து வெளியே வந்திருக்கிறாள். ஜாக்கெட் மேலே ஏறி காதுவரை வந்துவிட்டது. மிதப்பு ஜாக்கெட்டைத் தூக்கியது, அவளைத் தூக்கவில்லை. ஒரு கையால் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிக் கரைக்கு வந்தாளாம். கூடப் போனவர் சொல்லித்தான் எனக்கே தெரியும், அதுவும் 3 மாதம் கழித்து. "ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டேன். "நீ வாங்கிக் கொடுத்ததாச்சே" என்றாள்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். பிடிக்காத சட்டையை பீரோவுக்குள் வைத்துவிடலாம். ஆற்றுச் சாமானை அப்படி வைக்க மனசு வராது. கொடுத்தவர் மேல் உள்ள பிரியத்துக்காகவே போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். அதனால் உடம்போடு ஒட்டுகிற எதையும் கேட்காமல் வாங்காதீர்கள். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், ஷூ, குளிர் தாங்கும் நியோப்ரீன் உடுப்பு எல்லாமே இதில் சேரும். துடுப்பும்தான், ஆளின் உயரம், படகின் அகலம், எந்த மாதிரி ஆறு என்பதையெல்லாம் பொறுத்து நீளம் மாறும். படகின் வாய்க்கு மேல் மாட்டும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டோ ஒவ்வொரு படகுக்கும் ஒவ்வோர் அளவு. ஆச்சரியப்படுத்தியே ஆகவேண்டும் என்று எதுவும் இல்லை. கூட்டிக்கொண்டு போங்கள், போட்டுப் பார்க்கட்டும். ஜாக்கெட் என்றால் எல்லாப் பட்டையையும் இறுக்கச் சொல்லி, இரண்டு தோளிலும் பிடித்து நீங்களே மேலே தூக்கிப் பாருங்கள். தாடையை முட்டினால் அது வேண்டாம்.

சரி, கேட்காமலே வாங்கக்கூடியது எது?

என் முதல் பதில் எறிகயிற்றுப் பை. த்ரோ பேக் என்பார்கள். சின்னப் பை, உள்ளே 15 முதல் 20 மீட்டர் கயிறு. தண்ணீரில் போகிறவரை நோக்கி கரையிலிருந்து வீசுவதற்கு. கயிறு மிதக்கவேண்டும், அதனால்தான் பாலிப்ரொப்பிலீன். நைலான் கயிறு மூழ்கிவிடும். பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள், நுரைக்கு நடுவே கண்ணில் படவேண்டும். ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தாலும் இரண்டாவது வீணில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருப்பது நல்லது.

இதை வாங்கிக் கொடுத்த அன்று அக்கா என்னை ஒரு திறந்தவெளிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான்தான் ஆற்றில் அடித்துக்கொண்டு போகிற ஆள். கயிற்றின் வெளிமுனையை இடது கையில் பிடித்துக்கொண்டு, "கயிறு!" என்று கத்திவிட்டுப் பையை வீசினாள். பை என் தலையைத் தாண்டிப் போய் விழ, கயிறு மட்டும் மெதுவாக என் தோள்மேல் படிந்தது. பையைப் பிடிக்கக் கூடாதாம், கயிற்றைத்தான் பிடிக்கவேண்டும். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, எந்த நேரமும் விட முடியவேண்டும். அப்புறம் கயிற்றைத் திரும்ப உள்ளே வைக்கிற வேலை எனக்கு. நான் அழகாக வளையம் வளையமாகச் சுருட்டினேன். "சுருட்டாதடா, சிக்கிக்கும். கொஞ்சம் கொஞ்சமா திணி" என்றாள். விரல்களால் ஒரு சாண், ஒரு சாணாகத் திணிக்கத் திணிக்க, அந்த 20 மீட்டரும் எப்படித்தான் உள்ளே போனதோ, போய்விட்டது. இருட்டும்வரை வீசினோம். வாங்கிக் கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான்.

பட்டையை அழுத்திப் பிடிக்கும் பக்கிள் வைத்த கட்டுப்பட்டைகளும் நல்லவை. காரின் மேல் படகைக் கட்ட 3 அல்லது 4 மீட்டர் பட்டை இரண்டு. லாரியில் சரக்குக் கட்டுகிற ராட்செட் பட்டை வேண்டாம், இறுக்கிற இறுக்கில் படகே நசுங்கும். கட்டும்போது பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் வழியெல்லாம் காற்றில் 'ஊஊ' என்று அலறாது.

குளிர்ந்த தண்ணீரில் ஓட்டுகிறவர் என்றால், துடுப்பின் தண்டிலேயே மாட்டும் உறைகள் இருக்கின்றன, போகீஸ் என்று பெயர். கை உள்ளே போய் வெறும் விரலால் தண்டைப் பிடிக்கும், உறை காற்றையும் தெறிப்பையும் தடுக்கும். கையுறை போட்டால் தொலைந்துபோகிற பிடியுணர்வு இதில் இருக்கும். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும் என்பதால், விரல் சூடாக இருப்பது வெறும் சொகுசு கிடையாது. விறைத்த விரலால் பக்கிளைக்கூடத் திறக்க முடியாது. காதடைப்பானையும் யோசியுங்கள், சத்தம் கேட்கிற மாதிரி தண்ணீரை மட்டும் தடுக்கும் வகை. குளிர்ந்த தண்ணீரும் காற்றும் வருடக்கணக்கில் பட்டால் காதுத் துளைக்குள் எலும்பு வளர்ந்து வழி குறுகிப்போகும்.

உருண்டை இல்லாத விசில், நுனி மழுங்கிய கத்தி, தண்ணீர் புகாத ட்ரை பேக் எல்லாம் எல்லாரும் சொல்வதுதான். ட்ரை பேக்கில் பெரியதாக ஒன்றைவிடச் சின்னதாக மூன்று கொடுங்கள். வாயைக் குறைந்தது 3 மடிப்பு மடித்துப் பூட்டவேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால், ஆற்று மீட்புப் பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் கட்டிவிடுங்கள். விழுந்தால் மல்லாந்து, கால் நீரோட்டம் போகிற திசையில் நீட்டிப் போகவேண்டும், வேகமான தண்ணீரில் எழுந்து நிற்கக் கூடாது, பாறையிடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும் என்பதையெல்லாம் அக்கா அங்கேதான் உடம்பால் கற்றுக்கொண்டாள்.

இதையெல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. ஆறு ஒரு பக்கமாகத்தான் போகும். ஆற்றில் இறங்கின இடத்தில் கார் நிற்கும், கரையேறுகிற இடத்தில் ஆள் நிற்பாள். ஒவ்வொரு முறையும் காரை யார் கீழே கொண்டுபோய் விடுவது என்பதுதான் அவர்களுடைய பெரிய தலைவலி. போன பிறந்தநாளுக்கு ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன்: "இந்த வருஷம் 12 தடவை, நான் டிரைவர்."

முதல் தடவை, அவள் இறங்குமுன் ஒரு சீட்டு கொடுத்தாள். எத்தனை பேர், என்ன நிறப் படகு, எத்தனை மணிக்குள் வரவேண்டும், வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது. கீழே போய் ஃபிளாஸ்க்கையும் துண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சீட்டில் 4 மணி என்று இருந்தது. 3:40க்கு வளைவில் சிவப்புத் துடுப்பு தெரிந்தது, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. சரியான அளவில் நாங்கள் இருவரும் போய் எடுத்த ஜாக்கெட், தோளோடு ஒட்டியே இருந்தது.

கரையேறியவளின் உதடு நீலமாகியிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. பக்கிளை நான்தான் கழற்றிவிட்டேன். படகைக் கட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில் சாவிக்குக் கையை நீட்டினாள். துண்டை அந்தக் கையில் வைத்துவிட்டு, "நீ அந்தப் பக்கம் ஏறுக்கா" என்றேன்.