டேப்லட் இன்னும் வரல

ஜூலை 4
மழை. அப்பாவை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தாச்சு.

ஜூலை 5
டாக்டர் வயசு கேட்டார். அப்பா தெளிவாக "6226" என்றார். டாக்டர் என்னைப் பார்க்க, நான் 79 என்று திருத்தினேன். அது பட்டிப்பொல ஸ்டேஷன் தாண்டி ரயில் லைன் ஓரம் நிற்கிற பலகையில் இருக்கிற எண். 6226 அடி, இலங்கையில் ரயில் கோச்சி ஏறுகிற ஆக உயரமான இடம். ரவுண்ட்ஸ் நேரத்தில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

ஜூலை 6
நர்ஸ் மிஸ்ஸி வந்து, "சீயா, டேப்லட் குடிச்சதா?" என்று, தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி, கேட்டார். அப்பா சட்டென்று எழும்பி உட்கார்ந்தார். "ஒஹியாவுல இருந்து இன்னும் மணி அடிக்கலயே!"

மிஸ்ஸி சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒஹியா பக்கத்து ஸ்டேஷன். ஒற்றை லைன். இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு பெட்டி, நடுவே கம்பி. ஒரு வட்டத் தகட்டை வெளியே எடுத்துவிட்டால், அது திரும்ப ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகும்வரை அடுத்தது வராது. அந்தத் தகடுதான் டேப்லட். தோல் பையில் போட்டு, வளையத்தில் மாட்டி, டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். அது கையில் இல்லாமல் வண்டி நகராது. அப்பா பென்ஷன் போகும்வரை அந்த வளையத்தை நீட்டிக்கொண்டு நின்ற ஆள்.

மாத்திரையைக் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தேன்.

ஜூலை 7
அம்பேவெல பக்கம் லைனில் மண் சரிந்துவிட்டதாம். அண்ணனால் வர முடியவில்லை. பண்டாரவளையிலிருந்து போன் எடுத்து, "இங்க வெயில் மண்டைய பொளக்குது" என்கிறான். எனக்கு இங்கே துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. 18ஆம் நம்பர் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வானம், அந்தப் பக்கம் வேறு வானம். தென்மேற்குக் காற்று மழையை எங்கள் தலையில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு அந்தப் பக்கத்து ஊவா மாகாணத்துக்கு இறங்குகிறது. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒஹியா போனால் சுரங்கத்துக்கு முன்னாலேயே ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துக்கொள்வோம்.

ஜூலை 8
தூக்கமில்லை. வாங்கில் உட்கார்ந்து பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறேன். கோச்சி நானுஓயாவுக்கு வந்தது 1885. அப்புத்தளைக்குப் போனது 1893. சுமார் 25 மைலுக்கு 8 வருசம்! அங்கிருந்து அடுத்த வருசமே பண்டாரவளை. ஆனால் பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. இதில் வேடிக்கை, கோப்பி இறக்கத்தான் 1867இல் கண்டி வரைக்கும் லைன் போட்டார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியது. தண்டவாளம் எங்கள் பக்கம் ஏறி வந்தபோது ஏற்றுவதற்கு இருந்தது தேயிலை.

44 அடி போனால் 1 அடி ஏற்றம். அப்பா இதை எங்களிடம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொல்வார். முன்னும் பின்னும் மூட்டு வைத்த 'கரட்' என்ஜின் மூச்சு வாங்கி ஏறுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். இப்போது அவர் மூச்சு வாங்குவதும் அப்படித்தான் கேட்கிறது. இதை எழுதியிருக்க வேண்டாம்.

ஜூலை 9
கஞ்சி இரண்டு கரண்டி.

ஜூலை 10
ராத்திரி இரண்டு மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். "குடுக்காத. டேப்லட்ட குடுக்காத. வண்டி நிக்கட்டும்."

முதலில் ஏதோ விபத்து என்று நினைத்தேன். விடியும்போதுதான் உறைத்தது. அம்மா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது, அதனால்தான் அப்பாவுக்கு ரயில்வே வேலை. அத்தையைக் கட்டிக்கொடுத்த இடத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை. இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்ப எழுதப்பட்ட 5,25,000 தோட்டத்து ஆட்களில் அவர்களும் இருந்தார்கள். அப்புத்தளையில் ஏறி, ஒஹியா, சுரங்கம், பட்டிப்பொல, அப்படியே கப்பல் ஏறுகிற தலைமன்னார் வரைக்கும். தோட்ட லயத்து ஆட்கள் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு பிளாட்பாரத்தில் வளையத்தோடு நின்றது அப்பா. அத்தை எந்தப் பெட்டியில் இருந்தார் என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டி நேரத்துக்குப் போயிருக்கிறது.

ஜூலை 11
அண்ணன் பஸ்ஸில் வந்து சேர்ந்தான். அப்பா அவனை ஸ்டேஷன் மாஸ்டர் என்று நினைத்து "சேர்" போட்டுப் பேசினார். அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டான்.

ஜூலை 12
மண்ணை அள்ளிவிட்டார்களாம். வண்டி ஓடுகிறது. அண்ணன் சந்தோஷமாக அப்பாவின் காதருகே குனிந்தான். நான் அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். லைன் கிளியர் என்று மட்டும் சொல்லாதே என்றேன். ஏன் என்று கேட்டான். சொல்லத் தொடங்கினேன், மிஸ்ஸி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஜூலை 13
எப்போது துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டேன். பெரிய டாக்டர் நாளைக்கு வருவாராம். மழை கொஞ்சம் விட்ட மாதிரி