சாம்பலின் காதுகள்

ஜனவரி 4

அக்கா முடிவெடுத்துவிட்டாள். மலைப்பாதைச் சவாரிக்குப் பெயர் கொடுத்தாயிற்று, என் பெயரையும் சேர்த்து. இருவருமே குதிரையைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள். "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஃபோனையே பார்த்துக்கிட்டு உட்கார முடியாதுடி" என்றாள். டாக்டரிடம் கேட்டாயா என்றேன். கேட்டாளாம். இப்போதைக்குப் போகலாம் என்றாராம்.

சவாரி பிப்ரவரி முதல் வாரத்தில். அதற்குள் உட்காரவாவது கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 8

முதல் வகுப்பு. ஏறவே விடவில்லை. முதலில் உடம்பு முழுக்கத் துலக்க வேண்டும், குளம்பு ஒவ்வொன்றையும் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், சேணமெல்லாம் அதற்குப் பிறகுதான் என்றார் மாஸ்டர்.

குதிரையின் தோளை ஒட்டி, அதன் வால் பக்கம் பார்த்தபடி நின்று, கையை மெல்லக் காலோடு கீழே இறக்கிக்கொண்டே போனால் அதுவே காலைத் தூக்கிக் கொடுக்கிறது. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு காலை என் கையில் ஒப்படைத்துவிட்டு நிற்கிறது. குளம்பைச் சுற்றிக் கெட்டியான சுவர். நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள்தான். அடிப்பாகத்தின் நடுவில் முக்கோணமாக, ரப்பர் பதத்தில் ஒரு பகுதி. அதைக் கொக்கியால் குத்திவிடக் கூடாது. அதன் பக்கத்துப் பள்ளத்தில் ஒரு கூழாங்கல் சிக்கியிருந்தது. குதிப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி நெம்பினேன், டப்பென்று விழுந்தது. இதோடு மலை ஏறினால் பாதி வழியில் நொண்டும் என்றார்.

என் குதிரை சாம்பல் நிறம், பெயரும் சாம்பல். அக்காவுக்குச் செந்நிறத்தில் ஒரு பெண்குதிரை. சிவப்பி என்று கூப்பிடுகிறார்கள்.

ஜனவரி 10

இடது பக்கமாகத்தான் ஏற வேண்டும். அந்தக் காலத்துப் போர்வீரர்களுக்கு வாள் இடது இடுப்பில் தொங்கும், அதிலிருந்து வந்த பழக்கம் என்கிறார்கள். கால் வைக்கும் வளையமான அங்கவடியின் நீளம் பார்க்க ஓர் எளிய வழி சொன்னார். வார் சேணத்தில் கோத்திருக்கும் இடத்தில் விரல் நுனியை வைத்தால், அங்கவடியின் அடிப்பாகம் அக்குளைத் தொட வேண்டும்.

அக்கா ஒரே மூச்சில் ஏறிவிட்டாள். மேலே போனதும் முகமே மாறிவிட்டது. பல வாரமாக நான் பார்க்காத முகம்.

ஜனவரி 11

தொடை. வேறு எதுவும் எழுத முடியாது.

ஜனவரி 14

காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். குதிகால் கீழே, பார்வை மேலே. என் பார்வை சாம்பலின் கழுத்திலேயே விழுகிறது. "கீழே பார்த்தா கீழேதான் போவீங்கம்மா" என்று மாஸ்டர் கத்திக்கொண்டே இருந்தார். தலையின் எடை முன்னால் சாய்ந்தால் முதுகும் தோளும் கூடவே சாயும், குதிரைக்கும் சமநிலை குலையும்.

நான் பார்ப்பது உண்மையில் அதன் காதுகளைத்தான். இரண்டும் தனித்தனியாகத் திரும்புகின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைவட்டம். ஒன்று முன்னால் பாதையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பின்னால் என் பக்கம் திரும்பியிருக்கிறது. நான் மூச்சை இழுத்தாலே திரும்புகிறது.

ஜனவரி 17

தூக்கமில்லை. படித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்வீடனில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு. குதிரைகளைச் சிலர் கையில் பிடித்தும் சிலர் மேலே ஏறியும் ஒரே வழியில் திரும்பத் திரும்ப நடத்திப் போகிறார்கள். மனிதர், குதிரை இருவரின் இதயத் துடிப்பையும் அளக்கிறார்கள். கடைசி முறை போகும்போது, "நீங்கள் கடந்து போகையில் ஒரு குடையை விரிப்போம்" என்று மனிதரிடம் மட்டும் சொல்கிறார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதருக்குத் துடிப்பு ஏறியது. குதிரைக்கும் ஏறியது.

குதிரையிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அங்கே குடை விரியவும் இல்லை. மேலே இருந்தவரின் கை இறுகியதிலிருந்தோ, மூச்சு நின்றதிலிருந்தோ அது எடுத்துக்கொண்டிருக்கிறது. ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு முப்பது, நாற்பது துடிப்புதான். நம்முடையதைவிட எவ்வளவோ மெதுவானது. அந்த நிதானத்தை மேலே உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய வெறும் எதிர்பார்ப்பு கலைத்துவிடுகிறது.

அக்கா எதிரில் நான் சிரித்த முகமாகத்தான் இருக்கிறேன். காபி போடும்போதும், மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? இதை நினைத்துக்கொண்டு படுத்தால் எப்படித் தூக்கம் வரும்.

ஜனவரி 18

ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 21

வேலிக்கு வெளியே முதல் சவாரி. பனி இன்னும் புல்லில் இருந்தது. எதிரே சரிவு முழுக்க வெயில்.

கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் எல்லோரையும் நிறுத்தி வயிற்றுப்பட்டையை மறுபடி இறுக்கினார். கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும், நடந்தபின் தளரும், பார்க்காமல் விட்டால் சேணம் ஒரு பக்கமாகச் சுற்றிவிடும். சிவப்பியின் பட்டை இரண்டு துளை ஏறியது. இரண்டு துளை! அக்கா அதன் மேல் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். இனி அவளுடைய பட்டையை நானே பார்க்கப் போகிறேன்.

அப்புறம் ட்ராட், நடையைவிட வேகமான துள்ளோட்டம். இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து, பிறகு வலதும் இடதும், இரண்டு தாளத்தில். அந்தத் தாளத்துக்கு எழுந்து உட்கார வேண்டும். ரொம்ப நேரம் சேணம் என்னை அடித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று ஒரு இடத்தில் கிடைத்துவிட்டது. நான் எழவில்லை, குதிரை தூக்கியது, நான் விட்டுக்கொடுத்தேன். ஒரு மரவரிசையின் நீளத்துக்குத்தான் இருந்தது. போதும்.

திரும்பும் வழியில் புதரில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் பை ஒன்று படபடத்தது. சாம்பலின் முதுகு இறுகியதை என் தொடைதான் முதலில் உணர்ந்தது. அடுத்த நொடி நாங்கள் ஒரு கஜம் வலப்பக்கம் நின்றிருந்தோம். பிடரியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்க முடியும் அதனால், 350 பாகை வரை. வாலுக்கு நேர் பின்னும் நெற்றிக்கு நேர் முன்னும் மட்டும்தான் தெரியாது. நான் பார்க்காத பையை அது பார்த்திருக்கிறது. புல் தின்னும் விலங்கு, சந்தேகம் வந்தால் முதலில் விலகு, பிறகு யோசி என்பதுதான் அதன் வழி. அதைக் கோழைத்தனம் என்று சொன்ன ஒருவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அப்படி விலகித்தானே இத்தனை காலம் பிழைத்திருக்கிறது.

ஜனவரி 25

அக்கா லிஸ் ஹார்டெலின் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். டென்மார்க்கின் குதிரைவீராங்கனை. 1944இல் கர்ப்பமாக இருந்தபோது போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. மீண்டும் ஏறினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் ட்ரெஸாஜ் போட்டியில், அதாவது குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டியில், பெண்களை முதன்முதலாக அனுமதித்தார்கள். அதில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். ஏறவும் இறங்கவும் ஒருவர் உதவ வேண்டியிருந்தது.

"ஏத்திவிட ஒரு ஆள் இருந்தா போதும் பாரு" என்றாள் அக்கா. நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஜனவரி 29

மழை. வகுப்பு இல்லை. ஃபோன் ஒருமுறை அடித்தது. யாரோ கடன் வேண்டுமா என்று கேட்டார்கள். அக்கா பதில் சொல்லிவிட்டு வைத்தாள். அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

பிப்ரவரி 2

மலைப்பாதை. இதை எழுதும்போது விரல் மடங்கவில்லை.

ஏற்றத்தில் முன்னால் சாய்ந்து, பிடரியை ஒரு கைப்பிடி பிடித்துக்கொண்டு, அதன் பின்னங்கால்கள் தள்ள இடம் கொடுக்க வேண்டும். இறக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து கடிவாளத்தைத் தளர விட வேண்டும். குதிரை தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தால்தான் காலை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியும். இறுக்கிப் பிடிப்பது நமக்குத்தான் தைரியம், அதற்கு இடைஞ்சல். இதைச் செய்ய என் கை ஒப்பவே இல்லை. சரிவில் கடிவாளத்தை விடு என்றால் எந்தக் கைதான் விடும்? விட்டேன். சாம்பல் மூக்கைப் பாறைக்கு அருகில் கொண்டுபோய், ஒரு முறை ஊதிவிட்டு, என்னைச் சிந்தாமல் இறக்கிவிட்டது.

வெயிலிலிருந்து அடர்ந்த காட்டு நிழலுக்குள் நுழையும் இடத்தில் எல்லாக் குதிரைகளும் தயங்கின. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அவற்றின் கண்ணுக்கு நம்மைவிட அதிக நேரம் வேண்டும். மாஸ்டர் அவசரப்படுத்தவில்லை. நின்றோம். ஈரமண் வாசனை, மேலே எங்கோ ஒரு மரங்கொத்தி. அப்புறம் அவையாகவே நடந்தன.

பிப்ரவரி 3

ஆறு.

முதலில் எல்லாக் குதிரைகளும் குடித்து முடிக்கும்வரை யாரும் நகரக் கூடாது. ஒன்று கிளம்பினால் மற்றவை குடிப்பதை விட்டுவிட்டுப் பின்னாலேயே போய்விடும். "ஓடுற தண்ணியைப் பார்க்காதீங்க, தலை சுத்தும். அக்கரையில ஒரு மரத்தைப் பாருங்க" என்றார்.

நான் மரத்தைப் பார்க்கவில்லை. முன்னால் போகும் அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடு ஆற்றில் சிவப்பி நின்றது. முன்னங்காலால் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தது, ஒரு முறை, இரு முறை, தண்ணீர் அக்காவின் முகம்வரை தெறித்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். மாஸ்டர் கத்தினார்: "தலையைத் தூக்குங்க! காலால அழுத்துங்க! படுக்கப் போகுது!" குளிர்ச்சியில் புரள்வதற்கு முன் குதிரை அப்படித்தான் தட்டுமாம், மேலே ஆள் இருப்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை.

எனக்குக் கீழே சாம்பல் தலையை உயர்த்தியது. காதுகள் இரண்டும் பின்னால், என் மேல். அது ஆற்றைக் கவனிக்கவில்லை, என்னைக் கவனித்துக்கொண்டிருந்தது. குடை, குடை என்று மனதில் ஓடியது. பயப்படும்போது பாடச் சொல்லியிருந்தார், பாடினால் மூச்சை அடக்கிவைக்க முடியாது. சின்ன வயதில் அக்கா எனக்குத் தலை பின்னும்போது முணுமுணுக்கும் மெட்டு ஒன்று உண்டு. சொல் எதுவும் இல்லாமல் அதைத்தான் வாயில் கொண்டுவந்தேன். மூச்சு இறங்கியது. ஒரு காது முன்னால் போனது. அப்புறம் இன்னொன்று.

அதற்குள் அக்கா இரண்டு குதிகாலாலும் அழுத்தி, கடிவாளத்தை மேலே இழுத்து, சிவப்பியைக் கரையேற்றிவிட்டாள். முழங்கால்வரை நனைந்து, அங்கே நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

பிப்ரவரி 3, இரவு

கூடாரம். எழுதியே ஆக வேண்டும்.

"ஆத்துல பாடினியாடி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பயந்துபோய்விட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ பயப்படறது எனக்குத் தெரியும். வீட்டுல சிரிச்சுக்கிட்டே இருக்கியே, அதைப் பார்த்தாதான் எனக்கு பயமா இருந்துச்சு" என்றாள்.

நான் அழுதேன். அவளும். அப்புறம் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசினோம், முழுசாக. நல்லபடியாக வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, யார் எங்கே இருப்பது, அம்மாவுக்கு எப்போது சொல்வது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பேச முடியாத எல்லாமே.

வெளியே குதிரைகள். மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்றபடியே தூங்கும், ஆனால் கனவு வரும் ஆழமான தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். பாதுகாப்பில்லை என்று தோன்றும் இடத்தில் படுக்காது. சிவப்பி படுத்திருக்கிறது. சாம்பல் நிற்கிறது, இன்றைக்கு அதன் காவல்போல.

அக்கா தூங்கிவிட்டாள். குறட்டை விடுகிறாள்.

பிப்ரவரி 4

கேன்டர்! ட்ராட்டைவிட வேகமான ஓட்டம், மலைமுகட்டில், புல்வெளி முடியும்வரை. மூன்று தாளம், பிறகு ஒரு கணம் நான்கு குளம்பும் தரையில் இல்லை. குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டும்தான். இந்த ஓட்டத்தில் பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு, அச்சுப் பிசகாமல். அதைக் கேட்டுக்கொண்டே போனேன். பக்கத்தில் அக்கா கத்திக்கொண்டே வந்தாள், சந்தோஷக் கத்தல். குதிகால் மேலே போய்விட்டது, முதுகு வளைந்துவிட்டது, மாஸ்டர் பின்னால் ஏதோ சொன்னார். நான் எதையும் திருத்திக்கொள்ளவில்லை.

இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. டார்ச் வேண்டாம் என்றார். மங்கிய வெளிச்சத்தில் நம்மைவிட அவை நன்றாகப் பார்க்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. எனக்குப் பாதை தெரியவே இல்லை. கடிவாளத்தைத் தளர விட்டேன். இந்த முறை கை ஒப்பியது.

பிப்ரவரி 5

சிவப்பிக்கு இடது பின்கால் லாடம் ஆடுகிறது. லாடம் அடிப்பவர் வரும்வரை கிளம்ப முடியாது. அக்கா சேணத்தைக் கழற்றிவைத்துவிட்டு அதைத் துலக்கிக்கொண்டிருக்கிறாள்.

இங்கே சிக்னல் கிடைக்கிறது. தவறிய அழைப்புகள் இருக்கின்றன, எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. அவளிடம் காட்டினேன். வால் முழுவதையும் துலக்கி முடித்துவிட்டு ஃபோனை வாங்கினாள். ஸ்பீக்கரில் போடு, நீயும் கேளு என்கிறாள். மணி அடிக்கிறது.