எஸ்கேப் எட்டாத விரல்

"அண்ணா, கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பா மாத்திக்கட்டுமா? சுண்டுவிரல் ரொம்ப வலிக்குது."

தலையைத் தூக்காமலே சொன்னேன்: "வேணாம்மா, நைட் ஷிஃப்ட் பசங்க குழம்பிடுவாங்க."

"சரிண்ணா" என்று என்னோடு வேலை பார்த்த அந்தப் பெண் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஆபீஸை விட்டு வந்து இரண்டு வருடமாகியும், தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கும்போதெல்லாம் அந்த "சரிண்ணா" காதில் விழுகிறது.

நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே மெஷின், ஒரே லாகின். ஃபைல்களைத் திருத்துவது விம் என்ற எடிட்டரில்; அதில் டைப் அடிப்பதை நிறுத்திக் கட்டளை தர ஒவ்வொரு முறையும் எஸ்கேப் அழுத்த வேண்டும். கஸ்டமர் சர்வருக்குள் போனால் நம்முடைய விம் செட்டிங் எதுவும் அங்கே இருக்காது, வெறும் விம்மில் பழகியவர்தான் பிழைப்பார் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கேப்ஸ் லாக்கை மாற்றுவது நம் மெஷினில். சர்வருக்கு எஸ்கேப் வந்து சேர்ந்தால் போதும், எந்தப் பட்டனிலிருந்து வந்தது என்று அது கேட்காது. இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

1976இல் பில் ஜாய் விம்முக்கு முன்னோடியான வி எடிட்டரை எழுதியபோது அவரிடம் இருந்தது ADM-3A என்ற டெர்மினல், அதாவது திரையும் கீபோர்டும் சேர்ந்த கருவி. இன்று டேப் இருக்கும் இடத்தில்தான் அதில் எஸ்கேப் இருந்தது. விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் எட்டிவிடும். அப்புறம் வந்த கீபோர்டுகளில் எஸ்கேப் மூலைக்குப் போய்விட்டது. எடிட்டர் மட்டும் நிமிடத்துக்குப் பத்து முறை அதையே கேட்கிறது. அவள் விரலில் எந்தக் குறையும் இல்லை.

மாற்றுவழி சொல்லாமலும் இல்லை. கன்ட்ரோலோடு சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் அதுவும் எஸ்கேப்தான், எதையும் மாற்ற வேண்டாம் என்று அன்று சாயங்காலம் காட்டிக்கொடுத்தேன். உதவி செய்துவிட்ட திருப்தியோடு டீ குடிக்கப் போனேன். கன்ட்ரோலுக்கும் அதே இடது சுண்டுவிரல். அடைப்புக்குறிக்கு வலது சுண்டுவிரல். இது உறைக்கவே எனக்குச் சில மாதம் ஆனது.

என் வீட்டு லேப்டாப்பில் கேப்ஸ் லாக் பல வருடமாக எஸ்கேப்தான். அவளுக்குத் தனி லாகின் வாங்கிக் கொடுத்திருந்தால் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள். அதற்கு மேலதிகாரி ஒருவரிடம் போய் நிற்க வேண்டும், நான் நிற்கவில்லை. ஆனாலும் ஒரே லாகின்தான் என்ற நிலையில் இன்றைக்குக் கேட்டாலும் தயங்கத்தான் செய்வேன் என்று தோன்றுகிறது.

அப்புறம் அவள் கேட்கவே இல்லை. சுண்டுவிரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு, எஸ்கேப் வேண்டும்போதெல்லாம் இடது கையை முழுசாகத் தூக்கி நடுவிரலால் தட்டுவாள். அந்த 'டக்' என் சீட் வரைக்கும் கேட்கும்.